டவர் போனால் எது போகிறது? ஆன்லைன், ஆஃப்லைன் பற்றி ஓர் எளிய விளக்கம்

பாம்பன் தெற்குவாடியிலிருந்து ஒரு நாட்டுப்படகு மன்னார் வளைகுடாவுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியதும் போனில் டவர் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறையும். அப்புறம் கொஞ்ச நேரம் வருவதும் போவதுமாக ஆட்டம் காட்டும். கடைசியில் ஒன்றுமே இருக்காது. "நெட் போச்சு" என்போம்.

சரி, போனது எது? போன் கையில்தான் இருக்கிறது. நேற்று எடுத்த படம் திறக்கிறது, சேமித்து வைத்த பாட்டு பாடுகிறது, டார்ச் எரிகிறது. ஜிபிஎஸ்கூடப் படகு இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. ஆனால் வீட்டுக்கு ஒரு செய்தி போகவில்லை, வானிலைப் படம் திறக்கவில்லை, பணம் அனுப்ப முடியவில்லை. சில வேலைகள் நடக்கின்றன, சில நின்றுவிட்டன. எது நடக்கும், எது நிற்கும், ஏன் என்று தெரிந்துகொண்டால் ஆன்லைன், ஆஃப்லைன் விஷயம் முக்கால்வாசி புரிந்துவிடும்.

நம் கையிலுள்ள கருவி, தொலைவில் இருக்கும் இன்னொரு கணினியோடு இந்த நொடியில் பேசிக்கொண்டிருந்தால் அது ஆன்லைன். அந்தப் பேச்சு நின்று, கருவிக்குள் ஏற்கெனவே இருப்பதை மட்டும் வைத்து வேலை நடந்தால் அது ஆஃப்லைன். தொலைவில் இருக்கும் அந்தக் கணினியைத்தான் சர்வர் என்கிறார்கள். வங்கி இருப்பு, ரேஷன் அட்டை விவரம், ரயில் டிக்கெட் எல்லாம் ஏதோ ஒரு சர்வரில் எழுதப்பட்டிருக்கின்றன. போன் திரையில் நாம் பார்ப்பது அதன் நகலை.

ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தண்ணீரே போதும். குழாயில் வருவது ஒன்று, குடத்தில் பிடித்து வைத்தது இன்னொன்று. குழாயில் வரும்வரை புதிதாகப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். நின்றுவிட்டால் குடத்தில் இருப்பதுதான் கணக்கு. குடத்துத் தண்ணீரை மட்டமானது என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. தண்ணீர் வந்த நேரத்தில் குடத்தை நிரப்பாமல் விட்டவரைத்தான் வீட்டில் திட்டுவார்கள்.

புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கியவர்கள் திணறுவது, போன் ஒன்று முழுக்க ஆன்லைனில் இருக்கும், இல்லை முழுக்க ஆஃப்லைனில் இருக்கும் என்று நினைப்பதால்தான். "தம்பி, டவர் ஃபுல்லா நிக்குது. ஒண்ணுமே வரலையே?" என்று தங்கச்சிமடத்தில் ஓர் அக்கா என்னிடம் போனை நீட்டினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கட்டங்கள் சொல்வது போனுக்கும் பக்கத்து டவருக்கும் இடையே உள்ள தூரத்துச் சங்கதியை மட்டும். அதைத் தாண்டி எவ்வளவோ வழி இருக்கிறது. ராமேஸ்வரம் தீவுக்குள் இருக்கும் டவர் என்றால் செய்தி முதலில் கடலைக் கடந்து மண்டபம் கரைக்கு வர வேண்டும். அங்கிருந்து கண்ணாடியிழை கேபிளில் ஊர் ஊராக ஓடி, சென்னையிலோ மும்பையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் சர்வரைத் தொட வேண்டும். பதில் அதே தூரம் திரும்பி வர வேண்டும். நடுவில் எங்கே அறுந்தாலும் நமக்கு ஆஃப்லைன்தான். அந்த அக்காவுக்கு அறுந்திருந்தது முதல் படியிலேயே: டேட்டா பேக் முடிந்திருந்தது. டவர் அவருடைய போனோடு பேசிக்கொண்டுதான் இருந்தது, இன்டர்நெட்டுக்குள் விடவில்லை. அந்த நேரத்திலும் அவரால் போன் பேச முடியும், எஸ்எம்எஸ் வாங்க முடியும்.

ரேஷன் கடையில் "சர்வர் டவுன்" என்று சொல்லும்போது நடப்பதும் இதுதான். அரிசி இருக்கிறது, எடை போடுபவர் இருக்கிறார், அட்டையும் விரலும் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் அந்தக் கைரேகை இன்னாருடையதுதான் என்று தொலைவிலிருந்து ஒரு 'ஆமாம்' வர வேண்டியிருக்கிறது. அது வராதவரை மூட்டை பக்கத்திலேயே இருந்தாலும் பையில் விழாது.

வாட்ஸ்அப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மீனவர் வீடுகளில் அதிகப் பதற்றத்தைக் கொடுப்பதும், ஆன்லைன் ஆஃப்லைன் பாடத்தை மிகத் தெளிவாகச் சொல்லித் தருவதும் அதுதான். நீங்கள் எழுதி அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் தெரிந்தால், அது இன்னும் உங்கள் போனை விட்டே கிளம்பவில்லை. ஆஃப்லைனில் இருப்பது நீங்கள். ஒற்றை டிக் வந்தால் சர்வர் வரை போய்விட்டது, எதிரில் இருப்பவரின் போன் இன்னும் வாங்கவில்லை. அதாவது ஆஃப்லைனில் இருப்பது அவர். இரட்டை டிக் வந்தால் அவருடைய போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அது நீலமானால் படித்துவிட்டார் (நீல டிக் தெரியாதபடி அவர் செட்டிங் வைத்திருக்காவிட்டால்). ஒற்றை டிக்கில் நிற்கும் செய்தி எங்கும் தொலைந்துவிடாது. வாட்ஸ்அப் அதை 30 நாள் வரை சர்வரில் வைத்திருக்கும். படகு திரும்பி வந்து டவர் எல்லைக்குள் நுழைந்ததும் காத்திருந்த செய்திகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும். அப்போது வீட்டிலிருப்பவர் திரையில் ஒற்றை டிக்குகள் வரிசையாக இரட்டையாக மாறுவதைப் பார்க்கலாம். படகு கரையை நெருங்கிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

ஆகவே கணவரோ மகனோ கடலில் இருக்கும்போது ஒற்றை டிக் என்பது இயல்பான நிலை. அதை வைத்துப் பயந்துபோய் ராத்திரி முழுக்க விழித்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அந்த டிக்குக்குப் படகின் நிலைமை தெரியாது. போனுக்குச் செய்தி போகவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இன்னும் பயமுறுத்துவது, போன் இருக்கும் இடத்தை வரைபடத்தில் ஒரு நகரும் புள்ளியாகக் காட்டும் லைவ் லொகேஷன். கிளம்பும்போது வீட்டுக்கு லைவ் லொகேஷன் அனுப்பிவிட்டுப் போகிறார்கள். கொஞ்ச தூரம் வரை புள்ளி நகர்கிறது. அப்புறம் நடுக்கடலில் ஓர் இடத்தில் அசையாமல் நின்றுவிடுகிறது. எஞ்சின் நின்றுவிட்டதோ, யாராவது மறித்துவிட்டார்களோ என்று வீட்டில் அடிவயிறு கலங்கும். நின்றது படகு என்று யாரும் சொல்லவில்லையே. போன் கடைசியாக எங்கே ஆன்லைனில் இருந்ததோ அந்த இடத்தில் புள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். அந்தப் புள்ளியைத் தொட்டால், கடைசியாக எத்தனை நிமிடத்துக்கு முன் புதுப்பிக்கப்பட்டது என்று காட்டும். முதலில் பார்க்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

அழைத்துப் பார்த்தால் வரும் குரலிலும் சேதி இருக்கிறது. "தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்" என்றால் டவரால் அந்தப் போனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது" என்று வந்தால், பெரும்பாலும் டவர் எல்லைக்குள் வைத்தே போனை முறையாக அணைத்திருக்கிறார்கள். அணைக்கும்போது போன் டவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகும்.

இப்போது ஜிபிஎஸ். நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். அது தவறு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், தாம் எங்கே இருக்கிறோம், மணி என்ன என்பதை விடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. போன் அதைக் கேட்கிறது. திருப்பி ஒரு வார்த்தை பேசுவதில்லை. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் அறிவிப்பு கிடைத்துவிட்டால், ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, நாம் நிற்கும் இடத்தைப் போனே சொல்லிவிடும். டவர் வேண்டாம், சிம் கார்டுகூட வேண்டாம்.

பின்னே ஏன் நடுக்கடலில் மேப் திறந்தால் வெள்ளைத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கிறது? புள்ளியை வைத்தது ஜிபிஎஸ். அதற்கு அடியில் விரிய வேண்டிய வரைபடம் சர்வரிலிருந்து வர வேண்டியது, அதுதான் வரவில்லை. கூகுள் மேப்பில் நமக்கு வேண்டிய பகுதியைக் கரையில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆனால் கடல் தொழிலுக்கு அது போதாது. படகுக்கென்றே இருக்கும் ஜிபிஎஸ் கருவியில் கடல் வரைபடம் உள்ளேயே இருக்கும். 1974, 1976 ஒப்பந்தங்களில் வரையப்பட்ட இந்திய - இலங்கைக் கடல் எல்லை தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்த்து ஓட்டுவதற்கு நம்பக்கூடியது, டவரை எதிர்பார்க்காத அந்தக் கருவிதான்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். கரையில் போன் ஜிபிஎஸ் சில நொடிகளில் இடத்தைக் காட்டிவிடும். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை இன்டர்நெட் வழியே சட்டென்று வாங்கிக்கொள்வதால் அந்த வேகம். டவர் இல்லாத இடத்தில் புதிதாக ஆன் செய்தால், அந்த விவரத்தையும் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாகக் கேட்டு வாங்க வேண்டும். சில நிமிடம் ஆகலாம். ஆகையால் படகுத்துறையில் நிற்கும்போதே லொகேஷனை ஆன் செய்து, புள்ளி சரியாக உட்கார்ந்த பிறகு கிளம்புவது நல்லது.

ஜிபிஎஸ் நமக்குக் காட்டுவது, கேட்க மட்டும் முடிந்தாலே எவ்வளவு காரியம் ஆகும் என்பதை. பேச இரண்டு பக்கமும் வழி வேண்டும். கேட்க ஒரு பக்கம் போதும். பாம்பனில் 2016 முதல் ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே நடப்பது. அதைக் கேட்க டேட்டா வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், ஒரு சின்ன ரேடியோ போதும். எஃப்எம் வசதியுள்ள போனில் இயர்போனைச் சொருகினால் அதன் வயரே ஆன்டெனாவாகிவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அதற்குப் பிறகு, 2019-இல் கடல் பற்றிய தகவல்களைத் தரும் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 'ஜெமினி' என்ற கருவியைக் கொண்டுவந்தன. செயற்கைக்கோளிலிருந்து வரும் புயல், அலை எச்சரிக்கைகளையும் மீன் கிடைக்கக்கூடிய இடங்களையும் வாங்கி, ப்ளூடூத் வழியாகப் பக்கத்திலிருக்கும் போனுக்குக் கொடுக்கும் பெட்டி அது. இதுவும் கேட்க மட்டும்தான். கடலிலிருந்து ஒரு பதில் அனுப்ப முடியாது.

பதிலும் அனுப்ப வேண்டும் என்றால் வேறு வழி வேண்டும். படகில் இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் அப்படி ஒன்று. அதில் 16-ஆம் சேனல் உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கென்றே இருப்பது. நடுவில் டவர் இல்லாமல் படகுக்குப் படகு நேராகப் பேசலாம். விசைப்படகுகளில் பொருத்தப்படும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் இன்னொன்று. அது செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தியைக் கரைக்கு அனுப்பும், கரையிலிருந்தும் வாங்கும். இன்டர்நெட் இல்லை என்பதால் ஆளே துண்டிக்கப்பட்டுவிட்டார் என்று ஆகாது. எந்த வழி அறுந்தது, எந்த வழி இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டுப் பழக வேண்டும்.

இதையெல்லாம் விடப் பழைய ஏற்பாடு ஒன்று நம் கண்முன்னே இருக்கிறது. புயல் சின்னம் உருவானதும் "பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று செய்தியில் வருமே, அதுதான். பகலில் உருளையும் கூம்புமாகக் கம்பத்தில் ஏறும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளாக எரியும். கண் இருந்தால் போதும், படித்துக்கொள்ளலாம். எண் கூடக் கூட ஆபத்து கூடும். 10 வரைக்கும் பொதுவாக அப்படித்தான். கடைசி எண்ணான 11 வேறு மாதிரி. வானிலை எச்சரிக்கை மையத்தோடு இருந்த தகவல் தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று இங்குள்ள அதிகாரி கருதுகிறார் என்பது அதற்குப் பொருள். கம்பிகள் அறுந்துபோகும் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்த்து, அந்த நிலைக்கும் ஓர் எண் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தபோது தொடர்புகள் அறுந்து, நடந்தது என்ன என்று வெளியுலகுக்குத் தெரியவே நேரமானது. இந்தக் கரையில் இருப்பவர்கள் ஆஃப்லைனை ஒரு சின்னச் சங்கடமாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

பணம் விஷயத்துக்கு வருவோம். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை வெறும் காகிதம். கடைக்காரரின் கணக்கு முகவரி அதில் இருக்கிறது, அதற்கு நெட் எதுவும் வேண்டாம். நெட் வேண்டியது உங்கள் போனுக்கு. அப்புறம் உங்கள் வங்கியும் கடைக்காரர் வங்கியும் தங்களுக்குள் பேச வேண்டும். கடையில் "பணம் பெறப்பட்டது" என்று பேசும் பெட்டிக்குத் தனியாக ஒரு சிம் உண்டு, அதற்கும் சிக்னல் வேண்டும். அதனால் பணம் போயிருந்தும் பெட்டி பேசாமல் இருக்கலாம். அதே நேரம் உங்கள் திரையில் 'பெண்டிங்' என்று நின்றால் அவசரப்பட்டு மறுபடி அனுப்ப வேண்டாம். முதலில் இருப்பைப் பாருங்கள். டவர் இருந்து டேட்டா மட்டும் இல்லை என்றால் *99# என்று டயல் செய்து, வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து யுபிஐ பணம் அனுப்பலாம்; சாதாரண பட்டன் போனுக்கென்று 2022-இல் வந்த யுபிஐ 123பே என்ற வசதியும் இருக்கிறது. டவரே இல்லாத இடத்துக்கு நோட்டுதான். தனுஷ்கோடி பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் சில்லறை எடுத்துப் போவதே நல்லது.

மனிதர்களைப் பற்றியும் 'ஆன்லைனில் இருக்கிறார்' என்கிறோம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் எத்தனையோ வீடுகளில் வாப்பாவோ மச்சானோ வளைகுடா நாட்டில் இருப்பார்கள். இங்கே இரவு 9 மணி என்றால் துபாயில் ஏழரை. பேருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று தெரிகிறது, ஆனால் பதில் இல்லை. வருத்தம் வருவது இயற்கைதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம், அவருடைய போனில் வாட்ஸ்அப் திறந்திருக்கிறது என்பது மட்டும். வேறொருவருடைய செய்தியைப் படித்துக்கொண்டிருக்கலாம், முதலாளிக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்கலாம். 2022 முதல் 'ஆன்லைன்' என்பதையே மறைத்து வைக்கவும் வழி இருக்கிறது. இன்னொன்று, அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும். ஆனால் வாட்ஸ்அப் அழைப்புக்கு நீண்ட காலமாகவே அங்கே தடை. அதனால்தான் பலரும் போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளில் பேசுகிறார்கள். ஆள் ஆன்லைன், அழைப்புக்கு மட்டும் வழியில்லை.

நேரில் நடப்பதையும் இப்போது ஆஃப்லைன் என்றே சொல்கிறோம். மீன் ஏலத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடப்பதைப் பார்க்கலாம். வியாபாரி ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு வெளியூர் விலையைக் கேட்கிறார், மீனின் படத்தை அனுப்புகிறார். இன்னொரு கையால் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கிறதா, வெளுத்துவிட்டதா, வயிற்றை அழுத்தினால் விரல் பதிகிறதா? இதை எந்தப் படமும் சொல்லாது. விலை நிலவரத்துக்கு ஆன்லைன், மீனுக்குக் கை. இதில் ஒன்று உயர்ந்தது, மற்றது பழசு என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கிளம்பும் முன் குடத்தில் என்ன நிரப்புவது என்று கேட்டால், என் பதில் இது. போனில் முழு சார்ஜ். லொகேஷன் ஆன். ஆதார், படகுப் பதிவு, மீனவர் அடையாள அட்டை ஆகியவற்றின் படம் போனுக்குள்ளேயே இருக்கட்டும், அசல் ஈரம் புகாத உறையில் இருக்கட்டும். அன்றைய வானிலை அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம். முக்கியமான நாலைந்து எண்களைக் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சார்ஜ் தீர்ந்தால் பக்கத்துப் படகுக்காரரின் போனில் அடிப்பதற்கு நம்பர் மனப்பாடமாக யாருக்கும் தெரிவதில்லை. எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்கு மேல் எவ்வளவு நேரம் தாமதமானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை வீட்டில் பேசி வைத்துவிட்டால், ஒற்றை டிக்கை வைத்து அவர்கள் ஊகம் செய்ய வேண்டியிருக்காது.

அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டிய எண்கள்: கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸுக்கு 1093, பொதுவான அவசர உதவிக்கு 112. போன் திரையில் சில நேரம் 'அவசர அழைப்பு மட்டும்' என்று வரும். நம் சிம் கம்பெனியின் டவர் எட்டவில்லை, வேறொரு கம்பெனியின் டவர் எட்டுகிறது என்று அதற்குப் பொருள். அவசர அழைப்பை எந்தக் கம்பெனி டவரும் வாங்கிக்கொள்ளும். டேட்டா தேவையில்லை, ரீசார்ஜ் முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கட்டம் ஒன்றுகூட இல்லையே என்று போனைப் பைக்குள் வைத்துவிடாமல், 112-ஐ ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும்.